'கட்டாயம் வேணும்' எண்டதுக்குச் சீனத்தில எந்தச் சொல்லு? யாவ், தெய், பிஷ்யூ மூண்டும் ஒண்டா?

களுவாஞ்சிகுடிப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி மில்லில கலர் சோட்டர் மெசினில வேலை. அரிசி மேலயிருந்து வழுகி விழும், கமரா பாக்கும், கறுப்பு மணியையும் பழுப்பு மணியையும் காத்து ஊதித் தள்ளும். மெசின் சீனாவில இருந்து வந்தது. அதில ஒட்டியிருக்கிற எழுத்தெல்லாம் சீனம். ஒவ்வொரு நாளும் பாத்துப் பாத்து, இது என்னெண்டு தெரிஞ்சே ஆகணும் எண்டு ஒரு வெறி வந்திட்டு. பெரும்போக வேலை ஓய்ஞ்ச கையோட போனில படிக்கத் தொடங்கினன். எச்.எஸ்.கே. எண்டது சீன மொழிச் சோதனை, அதின்ட பழைய பட்டியலில முதல் ரெண்டு படியும் 300 சொல்லு, முடிச்சிட்டன். இப்ப 3ஆம் படி. அதிலதான் 'பிஷ்யூ' எண்ட சொல்லு வந்தது.

என்ட பிரச்சினை இதுதான். செயலியில யாவ் எண்டாலும் 'வேணும்', தெய் எண்டாலும் 'வேணும்', பிஷ்யூ எண்டாலும் 'வேணும்'. எதை எங்க போடுற?

இதைக் கேக்க இன்னொரு காரணமும் இருக்கு. மெசின்ட பின்மூடியில ஒரு வரி ஒட்டியிருக்கு. அதில 'பு' எண்ட எழுத்து, பக்கத்தில தெய்க்குப் போடுற அதே எழுத்து. பு எண்டா இல்ல, தெய் எண்டா வேணும், அப்ப 'தேவையில்ல' எண்டுதானே வரும்? மற்ற எழுத்துகளையும் சேத்து, 'வேலை தெரியாத ஆக்கள் திறக்கத் தேவையில்ல' எண்டு வாசிச்சன். சரி, தேவையில்லத்தானே, ஆனா திறந்தா என்ன எண்டு போட்டு, தூசி துடைக்க மூடியைக் கழட்டிட்டன். கரண்ட் ஓடிக்கொண்டிருக்கு. எலக்ட்ரிக் பாஸ் தூரத்தில இருந்து கண்டு, ஓடிப்போய் மெயின் சுவிச்சை அடிச்சிட்டார். எனக்கு ஒண்டும் ஆகல்ல. ஆனா அண்டைக்கு ராவு முழுக்க அந்த ரெண்டு எழுத்தும் கண்ணுக்குள்ளயே நிண்டுது.

நான் எங்க பிழை விட்டன் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க. உச்சரிப்பும் சொல்லித் தந்தா பெரிய உதவி.

வாழைச்சேனை அக்கா:

தம்பி, நல்ல காலம் உங்களுக்கு ஒண்டும் நடக்கல்ல. நான் வூஹானில படிச்சு வந்தவ. இதே எழுத்தில நானும் முதல் வருசம் தடுமாறினான், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

அந்த வரி 'தேவையில்ல' இல்ல, 'கூடாது'. அந்த ஒரு எழுத்துக்கு மூண்டு வாசிப்பு இருக்கு. தனிய நிண்டு 'வேணும்' எண்டு வரேக்க தெய். முன்னால பு வந்து 'பு-த' எண்டு வாசிச்சா, அது சட்டத்திலயும் அறிவித்தலிலயும் வாற தடை. மூண்டாவது, வினைக்குப் பின்னால மெல்லமா ஒட்டி வாற 'த', அது வேற கதை. தெய்க்கு எதிர்ப்பதம் அதே எழுத்தில வராது. 'தேவையில்ல' எண்டு சொல்ல 'பு-யோங்', இல்லாட்டி 'பு-பி'. பிஷ்யூவுக்கும் அப்பிடித்தான். 'பு-பிஷ்யூ' எண்டு ஆரும் சொல்ல மாட்டாங்க, 'பு-பி' தான்.

எங்கட தமிழைப் பாருங்க, உங்கட பிழைக்கு அங்கதான் வேர். முதலாளி போன் எடுத்து 'நாளைக்கு மில்லுக்கு வர வேணாம்' எண்டு சொன்னா என்ன அர்த்தம்? வராதே எண்டு மறிக்கிறாரா, வேலை குறைவு, வரத் தேவையில்ல எண்டு லீவு தாறாரா? குரலை வச்சுத்தான் விளங்குறம். எங்களுக்கு 'வேணாம்' ஒரே சொல்லு. சீனத்தில அது ரெண்டாப் பிரிஞ்சு நிக்கும். மறிக்கிறதெண்டா 'பு-யாவ்', அவசியமில்ல எண்டா 'பு-யோங்'. தமிழ் ஆக்கள் இந்த இடத்தைத்தான் முதல்ல உறுதியாப் பிடிக்கணும்.

யாவ் எங்கட 'வேணும்' மாதிரியேதான். தேத்தண்ணி வேணும் எண்டாலும் யாவ், போக வேணும் எண்டாலும் யாவ். அதால எங்களுக்கு லேசாப் பிடிபடும். ஆனா 'போகப்போறன்' எண்டதுக்கும் யாவ் வரும், கவனம். பிஷ்யூ அப்பிடி நெகிழாது. அது 'கட்டாயம்'. விதி, ஒப்பந்தம், வைத்தியர் சொல்லு, இதுகளுக்குப் பின்னால நிக்கிற சொல்லு. வினைக்கு முன்னாலதான் வரும், ஒரு பொருளோட ஒட்டாது. 'எனக்குத் தண்ணி பிஷ்யூ' எண்டா பிழை. அங்க 'ஷ்யூ-யாவ்' போடணும்.

இன்னொண்டு, எனக்கு நல்லாப் பிடிச்சது. 'நீ பிஷ்யூ போ' எண்டா நீ கட்டாயம் போகணும். பிஷ்யூவைத் தூக்கி ஆளுக்கு முன்னால வச்சு 'பிஷ்யூ நீ போ' எண்டா, நீதான் போகணும், வேற ஆளை அனுப்ப ஏலாது. நாங்க 'தான்' போட்டுச் செய்யிற வேலையை அவங்க இடம் மாத்திச் செய்யிறாங்க.

உச்சரிப்பு: முதல் அசை எங்கட 'பல்' எண்ட சொல்லில வாற ப. மூச்சு வெளிய அடிக்கக் கூடாது. வாய்க்கு முன்னால ஒரு தாளைப் பிடிச்சுச் சொல்லிப் பாருங்க, தாள் ஆடாட்டிச் சரி. ரோட்டில இறங்குற பிள்ளையை 'டேய்!' எண்டு அதட்டுவமே, அது மாதிரி மேலயிருந்து கீழ சட்டெண்டு விழணும். ரெண்டாம் அசைக்கு 'ஈ' எண்டு சொல்லிக்கொண்டு, நாக்கை அசைக்காம உதட்டை மட்டும் விசிலடிக்கிற மாதிரிக் குவிக்கணும். குரல் உசரத்திலயே நிக்கணும், கோயில் சங்கு மாதிரி. கடைசியில இறக்கிடாதீங்க, தமிழ் வாய் தானா இறக்கும்.

மறுகா, மெசினில நீல வட்டம் இருக்கா எண்டு பாருங்க. சீனாவின் ஜி.பி. 2894 தரப்படி, நீல வட்டத்தில வெள்ளைப் படம் போட்டா 'கட்டாயம் செய்' எண்டு கட்டளை. கீழ எழுதுற வரி பிஷ்யூவிலதான் தொடங்கும். தூசி முகமூடி போடு, ஏர்த் குடு, பிளக்கைக் கழட்டு எண்டு. சிவப்பு வட்டத்தில குறுக்குக் கோடு எண்டா தடை, மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை.

காத்தான்குடி வியாபாரி:

அக்கா சொன்னது சரி. நான் குவாங்சோவில சாமான் எடுக்கிற ஆள், எழுத்துப் பக்கம் ஒண்டு சொல்லுறன். போனில 'பிஷ்யூ' எண்டு அடிச்சா ரெண்டு சொல்லு வரும், சத்தம் ஒண்டேதான். முதல் எழுத்தும் ஒண்டு. மனசு எண்ட எழுத்துக்குக் குறுக்கால ஒரு கோடு இழுத்த மாதிரி இருக்கும், அப்பிடித்தான் நான் ஞாபகம் வச்ச. வித்தியாசம் ரெண்டாவதில. ஒண்டில இடப்பக்கம் மூண்டு சாய்ஞ்ச கோடு, வலப்பக்கம் முந்தித் தலையைக் குறிச்ச எழுத்து. தலையில மயிர், அதாவது தாடி. அந்த எழுத்தின்ட பழைய கருத்தே தாடிதான். இதுதான் தம்பி கேக்குற 'கட்டாயம்'. மற்றதுக்குத் தலையில மழை எழுத்து இருக்கும். அது 'இல்லாமச் சரிவராது' எண்ட பொருளுக்கு. அத்தியாவசியப் பொருள் எண்டு எழுத அதைத்தான் போடுவாங்க. மார்கழி வெள்ளத்தில அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எண்டு பட்டியல் போடுவமே, மழையைக் கண்டா அதை நினைச்சுக்குங்க. செய்யிற வேலைக்குத் தாடி, தேவைப்படுற சாமானுக்கு மழை.

பொத்துவில் வழிகாட்டி:

அறுகம்பேக்கு வாற சீன ஆக்களோட பேசுறவன் நான். வாய்ப்பேச்சில பிஷ்யூவை விடத் தெய்தான் கூடக் கேக்கும். 'வொ தெய் ஸோவ் ல' எண்டா 'நான் வெளிக்கிடணும்'. அதில பிஷ்யூ போட்டா ஆரோ கட்டாயப்படுத்தின மாதிரி இருக்கும். ஆனா இளம் ஆக்களிட்ட 'நாளைக்கும் வருவீங்களா?' எண்டு கேட்டா 'பிஷ்யூ த!' எண்டு சந்தோசமாச் சொல்லுவாங்க. பின்ன, வராமலா எண்ட மாதிரி. வடகிழக்குச் சீனத்துப் பேச்சில இருந்து பரவினதாம்.

களுவாஞ்சிகுடிப் பொடியன்:

அக்கா, காக்கா, அண்ணன், மூண்டு பேருக்கும் மனம் நிறைஞ்ச நன்றி. இண்டைக்கு வெள்ளன மில்லுக்குப் போய், மெசினை ஓட விடுறதுக்கு முதல் டோர்ச் அடிச்சு ஒரு சுத்துப் பாத்தன். நீல வட்டம் ரெண்டு இருக்கு. ஒண்டு ஏர்த், ஒண்டு பிளக். ரெண்டிலயும் பிஷ்யூ, தாடி எழுத்தோட. எத்தினை தரம் தவிட்டுத் தூசியைத் துடைச்சிருப்பன் அதுக்கு மேல, இண்டைக்குத்தான் வாசிச்சன். காத்துக் குழாய்க்குப் பக்கத்திலயும் ஒரு வரி, மெசினைப் போடுறதுக்கு முதல் கட்டாயம் காத்தைத் திறக்கணுமாம். அதைப் பாஸ் முந்தியே சொல்லித் தந்தவர். இப்ப எழுத்திலயும் விளங்குது.

பின்மூடிக்கு நானே தமிழில ஒரு வரி எழுதி ஒட்டினன். முதல்ல 'திறக்க வேணாம்' எண்டுதான் கை எழுதிச்சு. அக்கா சொன்னது ஞாபகம் வந்து, கிழிச்சுப் போட்டு, பெரிசா 'திறக்கக் கூடாது, உள்ள கரண்ட்' எண்டு எழுதியிருக்கன்.