பெட்டிக்குள்ள மாருத்

குழு: முருகேஷ்பாளையா வீட்டார்

சனிக்கிழமை, காலை 9:14

கார்த்தி: [புகைப்படம்]

கார்த்தி: வந்துடுச்சு!!!

அம்மா: மறுபடியும் பார்சலா. அதான் நேத்து செக்யூரிட்டி மூணு தடவை இன்டர்காம்ல கூப்பிட்டானா

லதா அத்தை: இனிய காலை வணக்கம் 🌺 சனீஸ்வர பகவான் எல்லாருக்கும் நல்லது செய்யட்டும்

கார்த்தி: அம்மா இது வழக்கமான பிளாஸ்டிக் கிட் இல்ல. ரெசின், அச்சுல ஊத்தி இறுக வைக்கிற பிசின். நம்ம பெங்களூர் எச்.ஏ.எல். ஃபேக்டரில பண்ணின போர் விமானம் மாருத், எச்.எஃப்-24, அதோட மாடல். பெரியப்பா எங்க?

திவ்யா: அப்பா வாக்கிங் போயிருக்கார். பாதி பார்க்கை மட்டும் சுத்திட்டு மீதி நேரம் பெஞ்ச்ல

அம்மா: எவ்வளவு ஆச்சு

கார்த்தி: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

லதா அத்தை: நான் பார்த்துட்டேன்

அம்மா: நானும்தான்

கார்த்தி: அதுல கஸ்டம்ஸ் வரியும் சேர்ந்திருக்கும்மா

அம்மா: வரி வேற கட்டினியா 🤦

காலை 9:40

கார்த்தி: [புகைப்படம்] [புகைப்படம்] [புகைப்படம்]

கார்த்தி: உள்ள இருக்கிறது இதுதான். க்ரீம் கலர்ல எல்லாம் ரெசின். உடம்பு, இறக்கை, வால். வெள்ளை உலோகத்துல சக்கரக் கால். பித்தளைத் தகடு ஒண்ணு, தபால் தலை சைஸ். காக்பிட்ல இருக்கிற பெல்ட், சுவிட்ச் எல்லாம் அதுல பொறிச்சிருக்கு. கண்ணாடிக் கூண்டு மட்டும் ரெண்டு கொடுத்திருக்கான், ஒண்ணை வெட்டும்போது கெடுத்துட்டா இன்னொண்ணு

திவ்யா: உன்னைத் தெரிஞ்சவன்தான் போல

கார்த்தி: 1/48 அளவு. நிஜ மாருத் 15.87 மீட்டர் நீளம். வகுத்துப் பாரு, 33 செ.மீ. வரும். இறக்கை முனையிலேர்ந்து முனைக்கு 9 மீட்டர், அது 19 செ.மீ.க்குக் கொஞ்சம் கம்மி

சேகர் மாமா: அப்போ டிவி ஸ்டாண்டுல நிக்காது

அம்மா: டிவி ஸ்டாண்டா? அங்க சாமி விளக்கு இருக்கு. யாரும் கனவு காண வேண்டாம்

காலை 10:32

பெரியப்பா: [குரல் பதிவு 2:18]

திவ்யா: அப்பா, குட்டி இப்பதான் தூங்கினான். டைப் பண்ணுங்க ப்ளீஸ்

பெரியப்பா: சரி

பெரியப்பா: படம் பார்த்தேன்

பெரியப்பா: இடுப்பு சரியா பிடிச்சிருக்கான்

கார்த்தி: 😍 அதைத்தான் பெரியப்பா முதல்ல பார்த்தேன். இறக்கை சேர்ற இடத்துல உடம்பு ஒடுங்கும்ல

பெரியப்பா: ஆமா. வேகம் ஒலியை நெருங்கும்போது காத்து அங்கதான் இழுக்கும். இறக்கை எடுத்துக்கிற இடத்தை உடம்பு விட்டுக் கொடுக்கணும். இது இல்லாம வெறும் குழாய் மாதிரி பண்ணியிருந்தா கிட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருப்பேன்

பெரியப்பா: காத்து உள்ள போற இன்டேக் வாய்ல அரைக் கூம்பு இருக்கணும் ரெண்டு பக்கமும். இருக்கா

கார்த்தி: [புகைப்படம்] இருக்கு. ஆனா ஒண்ணுல குண்டூசித் தலை அளவு ஓட்டை

பெரியப்பா: காத்துக் குமிழி. வார்ப்புல வரும்

சேகர் மாமா: இதை டிசைன் பண்ணின ஜெர்மன்காரர் எங்க குரோம்பேட்டைக்காரர்தான் தெரியுமா. குர்ட் டாங்க். பெங்களூர் வர்றதுக்கு முன்னாடி இங்க மெட்ராஸ் எம்.ஐ.டி. காலேஜ்ல பாடம் எடுத்தவர். அப்துல் கலாம் அங்க படிச்சவர்

லதா அத்தை: எல்லாத்தையும் குரோம்பேட்டைக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுங்க

சேகர் மாமா: உண்மையைத்தான் சொன்னேன். இரண்டாம் உலகப் போர்ல ஃபோக்கே வுல்ஃப் 190 பண்ணினவர் குரோம்பேட்டைல பாடம் எடுத்திருக்கார். எனக்கே இன்னும் நம்ப முடியல

காலை 11:05

கார்த்தி: சரி நான் இன்னிக்கே காக்பிட்டை ஒட்ட ஆரம்பிக்கிறேன்

பெரியப்பா: ஒட்டாதே

பெரியப்பா: எதையும் ஒட்டாதே

பெரியப்பா: முதல்ல எண்ணு. கிட்டோட வந்த தாளில் இருக்கிற ஒவ்வொரு பாகமும் பையில இருக்கா பார்த்து டிக் போடு

கார்த்தி: எண்ணிட்டேன். எல்லாம் இருக்கு. ஒரு சக்கர மூடி மட்டும் வழியில உடைஞ்சிருக்கு. ரெண்டு துண்டும் பையிலயே இருக்கு. அனுப்பினவனுக்கு மெயில் போட்டேன்

திவ்யா: பதில்?

கார்த்தி: "ஒட்டிக்கொள்ளுங்கள்"

திவ்யா: 😂😂

பெரியப்பா: ரெண்டாவது கழுவு

அம்மா: என்னத்தைக் கழுவணும்?

கார்த்தி: ரெசினை சிலிக்கோன் அச்சுல ஊத்துறாங்கம்மா. அச்சிலேர்ந்து வழுக்கி வர்றதுக்கு ஒரு பிசுக்கு பூசுவாங்க. அது மேல இருந்தா பெயிண்ட் தோல் உரிஞ்ச மாதிரி வந்துடும். வெதுவெதுப்பான தண்ணி, விம், பழைய டூத் பிரஷ் போதும்

லதா அத்தை: நம்ம இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுற மாதிரி

கார்த்தி: அதே அதே

அம்மா: என் சிங்க்ல வேண்டாம். பாத்ரூம் பக்கெட்ல பண்ணு. வடிகட்டி வெச்சுக்கோ, குட்டி குட்டிப் பாகமெல்லாம் ஓட்டைல போயிட்டா என்னைத் திட்டாதே

கார்த்தி: டீ வடிகட்டி எடுத்துக்கட்டுமா

அம்மா: பழசு

கார்த்தி: பழசுதான்மா

மதியம் 1:20

கார்த்தி: கழுவியாச்சு. துண்டு விரிச்சுக் காயப் போட்டிருக்கேன். இப்போ வேற பிரச்னை. வலது இறக்கை அப்பளம் மாதிரி வளைஞ்சிருக்கு 😭 [புகைப்படம்]

பெரியப்பா: வெந்நீர்ல முக்கு. கொதிக்கிற தண்ணி வேண்டாம். இளகின உடனே கண்ணாடி மேல வெச்சு அழுத்திப் பிடி, அப்படியே பச்சைத் தண்ணில விடு. நிமிரும்

கார்த்தி: இது ரெசின் பெரியப்பா, நிஜ விமானத்துல இப்படிப் பண்ணியிருக்க மாட்டீங்களே

பெரியப்பா: திவ்யாவோட ஸ்கூல் ஸ்கேலுக்குப் பண்ணியிருக்கேன்

திவ்யா: 30 வருஷம் ஆச்சு, இன்னும் என் ஸ்கேலைச் சொல்லிக் காட்டுறார்

மதியம் 2:02

கார்த்தி: நிமிர்ந்துடுச்சு!! அம்மா சாம்பார் பாத்திரம்னு கேக்காதீங்க, அது பழைய பால் பாத்திரம்

அம்மா: எந்தப் பால் பாத்திரம்

அம்மா: கார்த்தி

அம்மா: எந்தப் பால் பாத்திரம்

மாலை 4:45

கார்த்தி: (பாத்திரப் பஞ்சாயத்து முடிஞ்சுது. புதுசு வாங்கித் தரணும்.)

கார்த்தி: ஒவ்வொரு பாகத்துக்கும் அடியில ஊத்துன கட்டி அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. குட்டி ரம்பத்தால அறுக்கணும். ரெண்டு அறுத்தேன், மேஜை முழுக்க மாவு

பெரியப்பா: மாஸ்க் போட்டியா

கார்த்தி: ம்

பெரியப்பா: ம் னா

கார்த்தி: போடல

பெரியப்பா: அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா திரும்பி வராது. மாஸ்க் போடு. உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சுத் தேய், தூசி பறக்காது. நாங்க அந்தக் காலத்துல யாரும் போடல, அதான் நான் இப்ப இன்ஹேலரோட வாக்கிங் போறேன்

லதா அத்தை: அண்ணா சொல்றதைக் கேளுடா கண்ணா

கார்த்தி: சரி அத்தை. மாஸ்க் போட்டாச்சு

சேகர் மாமா: ஓட்டைக்கு என்ன பண்ணப் போற? எம்-சீலா?

கார்த்தி: எம்-சீல் அந்தக் குட்டி ஓட்டைக்கு ரொம்பக் கரடு மாமா. ஃபெவிக்விக்ல ஒரு சொட்டு, மேல கொஞ்சம் முகப் பவுடர். சமையல் சோடா போட்டா கல்லாயிடும், தேய்க்கவே முடியாது. பவுடர்னா உப்புத்தாள் ஏறும்

லதா அத்தை: பவுடர் நான் தர்றேன். எங்க வீட்ல யாரும் போடறதில்ல, கொலுவுல கொடுத்தது அப்படியே இருக்கு

கார்த்தி: பாகங்களை ஒட்டுறதுக்கும் ஃபெவிக்விக்தான். பிளாஸ்டிக் கிட்டுக்குப் போடற பசை பிளாஸ்டிக்கைக் கரைச்சுதான் ஒட்டும். ரெசின் அதுல கரையாது, வழுக்கிட்டு நிக்கும். இறக்கைக்கு மட்டும் உள்ள ஒரு கம்பி விட்டு அரால்டைட் போடப் போறேன். அது காய்றதுக்குள்ள நேர் பார்த்துத் திருத்திக்கலாம்

பெரியப்பா: அதுக்கு முன்னாடி டேப் போட்டு முழுசா மாட்டிப் பாரு. பின் சக்கரம் ரெண்டும் தரையில படற இடத்துல ஒரு பென்சில் வெச்சுத் தூக்கு. வால் பக்கம் சாஞ்சா மூக்குக்குள்ள தூண்டில் ஈயக் குண்டு வைக்கணும். மூடின பிறகு ஞாபகம் வந்தா ஒண்ணும் பண்ண முடியாது

கார்த்தி: இது என் லிஸ்ட்லயே இல்ல 😳

மாலை 6:10

திவ்யா: அப்பா நீங்க எந்த வருஷம் இதுல வேலை பார்த்தீங்க

பெரியப்பா: 67ல அப்ரென்டிஸ். கடைசி மாருத் வெளிய போற வரைக்கும் அந்த லைன்ல இருந்தேன். எல்லாம் சேர்த்து 147 பண்ணினோம்

பெரியப்பா: சுரஞ்சன் தாஸ் தான் முதல்ல ஓட்டினார், 1961 ஜூன் 17. நான் சேர்றதுக்கு முன்னாடி. அவரை நான் பார்த்தது தூரத்திலேர்ந்து ரெண்டு தடவை. 1970ல மாருத் விபத்துலயே போயிட்டார்

லதா அத்தை: தினமும் சுரஞ்சன் தாஸ் ரோட்டுல பஸ் ஏறியிருக்கேன் அண்ணா. பழைய மெட்ராஸ் ரோட்டுலேர்ந்து ஏர்போர்ட் ரோட்டுக்கு வர்றது. பேர் எழுதின பலகையைப் பார்த்துருக்கேன், யாருன்னு கேட்டதில்ல

சேகர் மாமா: நல்ல விமானம்தானே? ஏன் நிறுத்திட்டாங்க?

பெரியப்பா: உடம்பு நல்ல உடம்பு. இன்ஜின்தான் பத்தல. டாங்க் நினைச்சு வரைஞ்சது பெரிய ஆர்ஃபியஸ் இன்ஜினுக்கு. அது கிடைக்கல. 703னு சின்னது ரெண்டை வெச்சு ஓட்டினோம். 71 சண்டையில ராஜஸ்தான் பக்கம் போய் ஒழுங்கா வேலை பார்த்துட்டு வந்துது. அதுக்கு மேல என்ன கேக்கறது

இரவு 8:30

கார்த்தி: பெரியப்பா கலர் விஷயம். தாள்ல சக்கரக் குழிக்கு உள்ள வெளிர் சாம்பல்னு போட்டிருக்கான். சரியா?

பெரியப்பா: நான் பார்த்தது மஞ்சள் பச்சை. ஜிங்க் குரோமேட் பிரைமர், பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற பூச்சு. எலுமிச்சங்காய் பழுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிறம் இருக்குமே அது

கார்த்தி: நிஜமாவா? தாள் எழுதினவன் தப்பா?

பெரியப்பா: அவனைச் சொல்லல. விமானப்படைக்குப் போன பிறகு என்ன பூசினாங்கன்னு எனக்குத் தெரியாது. எங்க ஹாங்கர்ல நின்னது அந்த நிறம். உள்ள மட்டும் இல்ல. பெயிண்ட் ஷாப்புக்குப் போறதுக்கு முன்னாடி முழு விமானமும் அப்படித்தான் நிக்கும். அங்கங்க பென்சில்ல நம்பர் எழுதியிருப்போம், எந்த மூடி எந்த இடம்னு

பெரியப்பா: எனக்கு மாருத்னா அந்த நிறம்தான். வண்டி பெயிண்ட் அடிச்சு வெளிய போனப்புறம் அது என் வண்டி இல்ல

திவ்யா: அப்பா இதெல்லாம் சொன்னதே இல்ல

பெரியப்பா: யாரும் கலர் கேக்கல

இரவு 9:02

கார்த்தி: நாளைக்கு எச்.ஏ.எல். மியூசியம் போலாமா பெரியப்பா? அங்க ஒண்ணு வெச்சிருக்காங்க. சக்கரக் குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்

பெரியப்பா: அதுக்கு மேல எத்தனை தடவை பெயிண்ட் அடிச்சாங்களோ. சுரண்ட விடுவானா

அம்மா: யாரும் எதையும் சுரண்டாதீங்க

லதா அத்தை: நானும் வர்றேன். புளியோதரை கட்டிக்கிட்டு வர்றேன்

கார்த்தி: பெரியப்பா, இன்னொண்ணு. மாடலுக்கு விமானப்படை பெயிண்ட் அடிக்காம முழுசா அந்த மஞ்சள் பச்சையிலயே விட்டுடட்டுமா? உங்க ஹாங்கர்ல நின்ன மாதிரி?

பெரியப்பா: [குரல் பதிவு 0:04]

திவ்யா: என்ன சொன்னார்? குட்டி தூங்குறான், கேக்க முடியல

கார்த்தி: "பென்சில் நான் கொண்டு வர்றேன்"னு சொன்னார்