ராக் கிளைம்பிங் கோர்ஸுக்கு முன்னாடி உடம்பையும் கியரையும் எப்படி ரெடி பண்றது?

முதல்படி:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் கேக்குறேன். ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து ஒரு அவுட்டோர் ராக் கிளைம்பிங் கோர்ஸ்ல பேர் குடுத்தாச்சு, இன்னும் மூணு மாசம் இருக்கு. நாள் முழுக்க சேர்ல உக்காந்து பாக்குற வேலை, ஜிம் போவேன் ஆனா தொடர்ந்து போனதில்ல, எடை 94 கிலோ. பசங்க எல்லாம் புல்-அப் அடி புல்-அப் அடின்னு உயிரை எடுக்குறானுங்க. அது மட்டும் போதுமா?

அடுத்து கியர். தெரிஞ்சவர் ஒருத்தர் முன்னாடி நிறைய ஏறுவார், இப்ப விட்டுட்டார், ஹார்னஸ் (இடுப்புலயும் தொடையிலயும் மாட்டற பட்டை) ரோப் ஹெல்மெட் எல்லாம் வீட்ல சும்மாதான் கிடக்குது எடுத்துக்கோங்கறார். பாத்தா புதுசு மாதிரிதான் இருக்கு, ஆனா எந்த வருஷம் வாங்குனதுன்னு அவருக்கே ஞாபகம் இல்ல. எடுத்துக்கலாமா? இது முடிஞ்சதும் ராஃப்டிங், அப்புறம் பாராகிளைடிங்னு வரிசையா பிளான் வேற போட்டு வெச்சிருக்கானுங்க, அதனால நல்லதா ஒரே ஒரு ஹெல்மெட் வாங்கி எல்லாத்துக்கும் ஓட்டிக்கலாமான்னு ஒரு டவுட்டு. தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

கயிறுபுலி:
சகோ, அந்த சாமானை வாங்காதீங்க. அவர் மனசு நோகாம ஏதாவது சொல்லி தட்டி கழிச்சிடுங்க. ஹார்னஸும் ரோப்பும் நைலான். வெயில் பட்டா, கெமிக்கல் பட்டா, சும்மா வருஷம் ஓடுனாக்கூட பலம் குறையும், ஆனா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அதுலயும் பேட்டரி ஆசிட் ஆவி பட்ட நைலான் இருக்கே, கலர்கூட மாறாம இருக்கும், லோடு விழுந்தா அறுந்துடும். பழைய வண்டி பேட்டரி இருந்த ரூம்ல அது இருந்துச்சா இல்லையான்னு நீங்க எங்க போய் கண்டுபிடிப்பீங்க? பெரும்பாலான கம்பெனிங்க பிரிக்காம வெச்சிருந்தாக்கூட தயாரிச்ச தேதியில இருந்து அதிகபட்சம் 10 வருஷம்னுதான் மேனுவல்ல போட்டிருப்பாங்க, அந்த தேதி ஹார்னஸ் உள்பக்கம் தைச்ச லேபிள்ல இருக்கும். லேபிளே அழிஞ்சு போயிருந்தா பேச்சே வேணாம். வரலாறு தெரியாத கயிறுல தொங்காதீங்க, அவ்ளோதான்.

ரோப்புல இன்னொரு சிக்கல் இருக்கு. அது டைனமிக்கா ஸ்டேட்டிக்கான்னு உங்களுக்கு பாத்தா தெரியாது. லீட் ஏறும்போது (கயிறை வழியில இருக்கற போல்ட்ல நீங்களே மாட்டிக்கிட்டே முதல் ஆளா ஏறறது) விழுந்தா, விழுற வேகத்தை ரோப் இழுபட்டு வாங்கிக்கணும், அதுக்குதான் டைனமிக், அதுல ஈஎன் 892ன்னு (ஈஎன்னா ஐரோப்பிய தரக்குறியீடு) போட்டிருக்கும். சிங்கிள் ரோப்பை 80 கிலோ எடையை கட்டி கொடூரமா விழ வெச்சு டெஸ்ட் பண்ணுவாங்க, குறைஞ்சது 5 தடவை தாங்கணும், முதல் விழுதுல எடை மேல வர்ற இழுப்பு 12 கிலோ நியூட்டனை (1 கிலோ நியூட்டன்னா கிட்டத்தட்ட 100 கிலோ எடை இழுக்கற அளவு) தாண்டக்கூடாது. ஸ்டேட்டிக் ரோப் அவ்ளோவா இழுபடாது, அது ஈஎன் 1891, ரெஸ்க்யூ, குகை, கயிறு மேலயே ஏறி இறங்குற வேலைக்கெல்லாம் அதுதான் சரி, ஆனா அதை போட்டு லீட் ஏறி விழுந்தீங்கன்னா ரோப் அறுந்து போகலன்னாலும் இடுப்பு போயிடும்.

இங்க நிறைய பேருக்கு புரியாத ஒரு விஷயம், எவ்ளோ உயரத்துல இருந்து விழுறீங்கங்கறது மட்டும் கணக்கில்ல, அந்த விழுதை வாங்கறதுக்கு எவ்ளோ நீளம் ரோப் வெளிய இருக்குங்கறதும் கணக்கு. 20 மீட்டர் ரோப் வெளிய இருக்கும்போது 4 மீட்டர் விழுந்தா ஃபால் ஃபேக்டர் (விழுற தூரத்தை ரோப் நீளத்தால வகுத்தது) 0.2, ஊஞ்சல் ஆடுன மாதிரி இறங்குவீங்க. அதே 4 மீட்டரை வெறும் 2 மீட்டர் ரோப்புல விழுந்தா ஃபேக்டர் 2, அதைவிட மோசமான விழுது சாதாரண கிளைம்பிங்ல கிடையாது. மேல போனாதான் ஆபத்துன்னு நெனச்சு ஆரம்பத்துல அசால்ட்டா இருக்கறவங்களுக்காக சொல்றேன்.

கோர்ஸுக்கு முன்னாடி எல்லாத்தையும் வாங்கி குவிக்காதீங்க, கயிறு, கேராபினர் (கயிறை மாட்டற, திறந்து மூடற உலோக வளையம்) எல்லாம் அவங்களே தருவாங்க. வாங்கியே ஆகணும்னா ஷூவும் ஹெல்மெட்டும் மட்டும். பின்னாடி ஹார்னஸ் வாங்கறப்ப கடையில தொங்க விட்டு பாத்துதான் வாங்கணும், இடுப்பு பெல்ட் இடுப்பெலும்புக்கு மேல உக்காரணும், கீழ இழுத்தாலும் இறங்கக்கூடாது, ஏன்னா தலைகீழா திரும்பிட்டா நழுவிடும். கேராபினர் முதுகுல பொறிச்சிருக்கறதை படிங்க, நீளவாக்குல குறைஞ்சது 20 கிலோ நியூட்டன், குறுக்க 7, கேட் (திறக்கற பக்கம்) திறந்த நிலையில வகையை பொறுத்து 6 இல்ல 7 இருக்கணும். ஒண்ணுமே பொறிக்கலன்னா அது சாவிக்கொத்து மாட்டறதுக்கு.

எலும்பு_டாக்டர்_இல்ல:
பிசியோதெரபிதான் என் பொழப்பு, ஏறி விழுந்து வர்றவங்களை தினமும் பாக்குறேன். புல்-அப் பைத்தியம் புடிச்சவங்கதான் முதல்ல வருவாங்க :) தசை சில வாரத்துலயே பலம் ஏறிடும், ஆனா எலும்போட அதை புடிச்சு வெச்சிருக்கற டெண்டன் பழகறதுக்கு மாசக்கணக்கா ஆகும். தசை தயார்னு சொல்லும், டெண்டன் இன்னும் தயாராகி இருக்காது, அந்த இடைவெளியிலதான் அடி படறது. விரல்ல மோதிரம் போடற இடத்துல உள்பக்கம் ஏ2ன்னு ஒரு புல்லி இருக்கு, டெண்டனை எலும்போட ஒட்டி புடிச்சிருக்கற பட்டை. சின்ன விளிம்புல விரலை மடக்கி முழு எடையும் தொங்கும்போது சட்டுனு சத்தத்தோட கிழியும், பக்கத்துல இருக்கறவனுக்கே கேக்கும். அதனால விரல் நுனியில தொங்கற போர்டு பக்கமே இப்ப போகாதீங்க, முதல் வருஷம் ஏறி ஏறியே விரல் பழகட்டும்.

உங்களுக்கு உண்மையில வேண்டியது கால். நல்லா ஏறறவங்களை கவனிங்க, கையால இழுக்க மாட்டாங்க, காலால தள்ளி எழுந்திருப்பாங்க. ஒத்தக்கால் ஸ்குவாட், உயரமான படியில ஏறி மெதுவா இறங்கறது, இடுப்பு நல்லா விரியற மாதிரி ஸ்ட்ரெச். இறங்கறதை மெதுவா பண்ணுங்கன்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு, இறங்கும்போது தொடை தசை நீண்டுக்கிட்டே லோடு தாங்குது, ஏறறதைவிட அதுதான் தசைய அதிகம் கிழிக்கும், ரெண்டு நாள் கழிச்சு வலி வரும். மலைக்கு போயிட்டு சாயங்காலம் களைச்சு இறங்கும்போது கணுக்கால் திருகறதுக்கு இந்த பயிற்சி இல்லாததும் ஒரு காரணம். இழுக்கற எக்சர்சைஸ் எவ்ளோ பண்றீங்களோ அதே அளவு தள்ளறதும் பண்ணுங்க, புஷ்-அப் மாதிரி, இல்லன்னா தோள்பட்டை முன்னால கூனிடும்.

அப்புறம் யாரும் சொல்லித்தராத ஒண்ணு, விழறதுக்கு பயிற்சி. முட்டி உயர பெட்டியில இருந்து குதிச்சு இறங்குங்க, சத்தமே வராம இறங்கணும், முட்டி ரெண்டும் உள்பக்கமா சாயுதான்னு கண்ணாடியில பாருங்க. சாஞ்சா இன்னும் உயரத்துக்கு போகாதீங்க, முட்டிக்குள்ள இருக்கற ஏசிஎல்ங்கற தசைநார் அப்படித்தான் போகும். கயிறில்லாம மெத்தை மேல விழுற போல்டரிங் பண்ணுனீங்கன்னா கையை பின்னால ஊனவே கூடாது, மார்புல கட்டிக்கிட்டு முட்டியை மடக்கி அப்படியே முதுகுக்கு உருண்டுடணும். ஊனுனா மணிக்கட்டோ முழங்கையோ காலி.

மூச்சுக்கு ஓடியே ஆகணும்னு இல்ல, முழு வாக்கியமா பேச முடியற வேகத்துல வேகமா நடங்க, வாரத்துல நாலஞ்சு நாள், போகப்போக முதுகுல பை மாட்டிட்டு நடங்க. 94 கிலோ ஒரு தடையே இல்ல, ஆனா டெண்டனுக்கு வர்ற லோடு அதிகம், அதனால மத்தவங்களைவிட மெதுவா ஏத்துங்க. மூணு வாரம் கூட்டிக்கிட்டே போய் நாலாவது வாரம் குறைங்க, கோர்ஸுக்கு முந்தின வாரம் பாதியாக்கிடுங்க. நெஞ்சுவலி, மயக்கம், பிரஷர், ஆஸ்துமா, வலிப்பு, முன்னாடி தோள் விலகினதுன்னு ஏதாவது இருந்தா டாக்டரை பாத்துட்டு வந்துதான் இதெல்லாம்.

ஜாலிபாய்:
ஐயோ இவ்ளோ பயமுறுத்துனா யார் வருவா?? கயிறே இல்லாம பெரிய பெரிய சுவர் எல்லாம் ஏறறவங்க இருக்காங்க, வீடியோ பாருங்க. மனசுல தில்லு இருந்தா போதும் நண்பா, ரொம்ப யோசிக்காம போய் ஏறு

கயிறுபுலி:
@ஜாலிபாய் அலெக்ஸ் ஹானல்டை சொல்றீங்கன்னு நெனைக்கிறேன். 2017 ஜூன்ல அமெரிக்காவுல இருக்கற எல் கேப்பிடன்ங்கற பெரிய பாறைச் சுவரை கயிறில்லாம ஏறினார், உண்மைதான். அதுக்கு முன்னாடி அதே ரூட்டை கயிறு கட்டிக்கிட்டு திரும்பத் திரும்ப ஏறி, கஷ்டமான இடத்துல எந்த கையை எங்க வெக்கணும் எந்த காலை எங்க வெக்கணும்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தார். வீடியோவுல கடைசி ஏத்தம்தான் தெரியும். தில்லை வெச்சு ஏறுனதா அவரே சொல்ல மாட்டார்.

காத்துவாக்குல:
ஹெல்மெட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன். ஒரே ஹெல்மெட் ஓடாது தம்பி. ஒவ்வொண்ணும் வேற வேற அடிக்கு டெஸ்ட் பண்ணது. கிளைம்பிங் ஹெல்மெட் (ஈஎன் 12492) மேல இருந்து கல்லு விழறதை முக்கியமா நெனச்சு பண்ணது, அதோட தாடை பட்டி லேசுல அவிழக்கூடாது, 500 நியூட்டன் வரைக்கும் தாங்கணும். கட்டட வேலை ஹெல்மெட்டுல (ஈஎன் 397) அந்த பட்டி 150ல இருந்து 250 நியூட்டனுக்குள்ள தானா அவிழணும், மாட்டிக்கிட்டு கழுத்து இறுகக்கூடாதுன்னு. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், அதான் சிலர் மாத்தி வாங்கிடறாங்க. ஆத்துக்கு ஈஎன் 1385, தண்ணி வடியறதுக்கு ஓட்டை இருக்கும், பாறையில தொடர்ந்து தட்டிக்கிட்டே போனாலும் தாங்கற மாதிரி நுரை. பாராகிளைடிங்குக்கு ஈஎன் 966. ராஃப்டிங், பாராகிளைடிங் ரெண்டுக்கும் நடத்தறவங்களே ஹெல்மெட் தருவாங்க, உள்பக்க லேபிளை ஒரு தடவை படிச்சு பாத்துட்டு போட்டுக்கோங்க. சைக்கிள் ஹெல்மெட் மாதிரி வெள்ளை நுரை இருக்கறது எல்லாம் ஒரே ஒரு பெரிய அடிக்குதான், நுரை நசுங்கி அடியை வாங்கிக்கும், அப்புறம் வெளிய கீறல்கூட இல்லன்னாலும் தூக்கி போட்டுடணும். சைஸ் சரியான்னு பாக்க, பட்டி போடாம தலையை ஆட்டுங்க, ஹெல்மெட் தனியா ஆடுனா அது உங்களுக்கு இல்ல. நெத்தி மூடியிருக்கணும், ஸ்டைலா பின்னால தள்ளி போடறவங்க போடாமலே போகலாம்.

ராஃப்டிங்குல லைஃப் ஜாக்கெட் போட்டதும் வேற ஆளை விட்டு தோள் பட்டையை புடிச்சு மேல தூக்க சொல்லுங்க, தாடை வரைக்கும் ஏறி வந்தா லூஸ், பக்கவாட்டு பட்டிகளை இறுக்குங்க. இன்னொண்ணு, 50 நியூட்டன்னு போட்டிருக்கறது மிதக்க உதவும், ஆனா மயக்கம் போட்டா மூஞ்சியை மேல திருப்பி விடும்னு நம்ப முடியாது. படகுல இருந்து விழுந்துட்டா மல்லாக்க படுத்து, காலை நீர் போற திசையில நீட்டி, பாதத்தை தண்ணிக்கு மேல தெரியற மாதிரி வெச்சுக்கோங்க. இடுப்பளவு தண்ணிதானேன்னு ஓடற ஆத்துல எழுந்து நிக்காதீங்க, பாதம் ரெண்டு கல்லுக்கு நடுவுல மாட்டுச்சுன்னா தண்ணி முதுகுல தள்ளி மூஞ்சியை உள்ள அமுக்கிடும், நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களே அப்படி போயிருக்காங்க. தண்ணி ஜில்லுனு இருந்தா முதல் ஒரு நிமிஷம் மூச்சு கட்டுப்பாடு இல்லாம திணறும், அப்ப நீந்தாம மிதந்துக்கிட்டு மூச்சை புடிக்கறதுதான் வேலை, அதுக்கப்புறம் கை கால் சொன்னதை கேக்கறது சுமார் பத்து நிமிஷம்.

பாராகிளைடிங் பத்தி இப்ப ஒண்ணே ஒண்ணு, தனியா கத்துக்கற கட்டம் வந்தா புறப்படறதுக்கு முன்னாடி தொடை பட்டி ரெண்டும் மாட்டியிருக்கான்னு கையை வெச்சு தொட்டு பாக்கணும், கண்ணால பாத்தா பத்தாது. அதை மறந்துட்டு பறந்தவங்க கையாலேயே தொங்கிக்கிட்டு போன கதையெல்லாம் உண்மை. விங் (பறக்கற துணி இறக்கை) ஈஎன் ஏ கிளாஸ்ல, அதாவது ஆரம்பக்காரங்களுக்கான வகையில ஆரம்பிங்க, கணுக்காலை மூடற பூட்ஸ் போடுங்க.

முதல்படி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, குறிப்பா காத்துவாக்குல அக்கா ஆத்துல நிக்கக்கூடாதுன்னு சொன்னது எனக்கு தெரியவே தெரியாது, நான் கண்டிப்பா எழுந்துதான் நின்னிருப்பேன். ஒரு சந்தேகம் மட்டும், எனக்கு பிலே பண்ண (நான் ஏறும்போது கீழ இருந்து கயிறை புடிச்சுக்க) வரப்போற ஃப்ரெண்டு 58 கிலோதான். நான் விழுந்தா அவன் மேல பறந்துடுவானா?

கயிறுபுலி:
பறப்பான் :) நீங்க லீட்ல விழுந்தா அவன் தூக்கிக்கிட்டு போய் பாறையில அடிச்சிருக்கற முதல் போல்ட் கிட்ட மோதுவான், நீங்க அதே அளவு கீழ வருவீங்க. ஆரம்பத்துல இன்னும் உயரம் ஏறாதப்ப அது தரை வரைக்கும் வந்துடும், பயமே அதுதான். பிலே பண்றவன் சுவரை ஒட்டி நிக்கணும், நாலடி தள்ளி நின்னா சுவருக்கு இழுத்துட்டு போய் அடிக்கும், அப்ப பிரேக் கையை விட்டுட்டா கதை முடிஞ்சுது. முதல் போல்ட்ல மாட்டற உராய்வு சாதனம்னு ஒண்ணு இருக்கு, எடை வித்தியாசம் பெருசா இருக்கற ஜோடிக்குன்னே வருது, கயிறு அதுல இறுகி இழுப்பை குறைச்சிடும். டாப் ரோப்னா (கயிறு மேல ஒரு பிடிமானத்துல, அதாவது ஆங்கர்ல போய் திரும்பி வர்றது) இவ்ளோ பிரச்சனை இல்ல, அந்த ஆங்கர்ல உராய்வு இருக்கு, கூடவே அவனை தரையில ஒரு ஆங்கரோட கட்டியும் வெப்பாங்க. தானா கயிறை புடிக்கற பிலே டிவைஸ் வெச்சிருந்தாலும் பிரேக் கை (கயிறை நிறுத்தி புடிக்கற கை) கயிறை விடக்கூடாதுன்னு அவனுக்கு இப்பவே சொல்லி வெச்சுடுங்க.

ஏறறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ஒருத்தரை ஒருத்தர் செக் பண்ணுங்க, பக்கிள், எட்டு முடிச்சு, டிவைஸ்ல கயிறு சரியான பக்கம் போயிருக்கா, கேராபினர் லாக் ஆயிருக்கா. கயிறோட அந்தப்பக்க நுனியில ஒரு முடிச்சு கட்டாயம் போடுங்க, இறக்கும்போது கயிறு நீளம் பத்தாம நுனி டிவைஸ் வழியா உருவிட்டு போறது அனுபவசாலிங்களுக்கே நடக்கற விபத்து. எடை விஷயத்தை முதல் நாளே இன்ஸ்ட்ரக்டர்கிட்ட சொல்லிடுங்க, வெக்கப்படாதீங்க, உங்களுக்கு கிட்டத்தட்ட எடை இருக்கற வேற ஆளோட ஜோடி போட்டு விட்டுடுவாங்க.