ஈஸ்டர் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க, எப்படிப் போறது?

கேள்வி: இங்க வந்து எட்டு மாசம் ஆகுது. கூட வேலை பார்க்கிறவர் ஈஸ்டர் ஞாயிறு மதியம் குடும்பத்தோட சாப்பிட வரச் சொல்லியிருக்கார். நாங்க கிறிஸ்தவங்க இல்ல, சைவம் வேற. சர்ச்சுக்கும் போகணுமா? என்ன வாங்கிட்டுப் போறது?

பதில்: எந்த ஞாயிறுன்னு மொதல்ல கேட்டுக்கங்க. சிரிக்காதீங்க. 2023 ஏப்ரல் 9 அன்னைக்கு மாடியில இருந்த கிரேக்கக் குடும்பத்துக்குப் பெரிய கிரீம் கேக் ஒண்ணு தூக்கிட்டுப் போனேன். அந்தம்மா சிரிச்ச முகமா வாங்கி வச்சுக்கிட்டாங்க. அவங்க ஆர்த்தடாக்ஸ், அதாவது கிழக்கத்திய சபைக் கிறிஸ்தவங்க, அவங்களுக்கு ஈஸ்டர் 16-ம் தேதி. அதுவரைக்கும் நோன்பு; இறைச்சி, முட்டை, பால் எதையும் தொட மாட்டாங்க. அடுத்த ஞாயிறு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாங்க. ஃப்ரீசர்ல இருந்து அதே கேக் வந்துச்சு, மேல வச்ச செர்ரிகூட அசையல.

மார்ச் 21-க்கு அப்புறம் வர்ற பௌர்ணமி, அதை அடுத்த ஞாயிறு. ஈஸ்டர் தேதிக்கு ஏறக்குறைய அதுதான் கணக்கு. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்களும் 1582-ல வந்த கிரெகோரியன் காலண்டர்ல பார்க்கிறாங்க, ஆர்த்தடாக்ஸ் சபைகள்ல பெரும்பாலானவை பழைய ஜூலியன்ல. 2025-ல ரெண்டும் ஏப்ரல் 20-ல சேர்ந்துச்சு. 2027-ல இவங்களுக்கு மார்ச் 28, ஆர்த்தடாக்ஸுக்கு மே 2. அஞ்சு வாரம் தள்ளிப் போகுது.

அந்தக் கிரேக்க வீட்டுல ஆளுக்கொரு சிவப்பு முட்டை கொடுத்தாங்க. கூர்முனை மட்டும் தெரியுற மாதிரி கையில பொத்திப் பிடிச்சுக்கணும், எதிராளி தன் முட்டையால டக்குன்னு ஒரு தட்டு. உடையாத முட்டைக்காரருக்கு வருஷம் பூரா அதிர்ஷ்டமாம். என்னோடது மொதல் தட்டுலயே போச்சு.

சர்ச்சுக்குப் போறது உங்க இஷ்டம். எத்தனையோ வீட்டுல வழிபாடே கிடையாது. சாப்பாடும் சாக்லேட்டும் அரட்டையும்தான். போனா எல்லாரும் எழுந்திருக்கும்போது எழுந்திருங்க. நற்கருணை, அதாவது ஆசீர்வதிச்ச அப்பம், கொடுக்கும்போது மட்டும் வரிசையில நிக்காம இடத்துலயே இருங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. சனி இரவு வழிபாட்டுக்குக் கூப்பிட்டா போய்ப் பாருங்க: இருட்டுல ஒரு மெழுகுவர்த்தி, அதுல இருந்து அடுத்தது, அப்படியே சர்ச் முழுக்க வெளிச்சம் பரவும். நேரம் இழுக்கும், சாப்பிட்டுட்டுப் போங்க.

சைவம்னு இப்பவே சொல்லிடுங்க. ஆட்டுக்கறியோ ஹாமோதான் (பன்றிக்கறி) அன்னைக்குப் பெரிய சமையல், கடைசி நேரத்துல சொன்னா அவங்க பாவம். மார்ஷ்மெல்லோ மிட்டாய்ல பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது மிருகத்தோட தோல், எலும்புல இருந்து எடுக்கிறது, பையில எழுதியிருக்கிறதைப் படிங்க. கையில பூ போதும்.

இன்னொருத்தர்: வெள்ளிக்கிழமையை மறந்துட்டீங்களே! புனித வெள்ளி துக்க நாள், யாருக்கும் ‘ஹேப்பி’ சொல்லிடாதீங்க. ஜெர்மனியில வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூணு நாளும் கடைகள் பூட்டு. பல மாநிலங்கள்ல வெள்ளிக்கிழமை பொது இடத்துல நடனத்துக்கே தடை. இங்கிலாந்துல ஈஸ்டர் ஞாயிறு பெரிய கடைகள் திறக்கக் கூடாது. அமெரிக்காவுல அந்த வெள்ளி மத்திய அரசு விடுமுறையே இல்ல, லீவு போடணும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. பொண்ணுக்கு நாலு வயசு, தோட்டத்துல முட்டை தேடுற விளையாட்டு இருக்காம்.

பதில்: கூடை ஒண்ணு கொடுத்து அனுப்புங்க. கண்ணுக்கு நேரா கிடக்கிறது சின்னப் பிள்ளைங்களுக்குன்னு பெரிய பிள்ளைங்க விட்டுடுவாங்க. ஒளிச்சு வைக்க உங்களையும் கூப்பிட்டா எண்ணி வைங்க. அந்த வீட்டுல நாய் இருந்தா ஒரு சாக்லேட் முட்டைகூட மிச்சம் விடாதீங்க, நாய்க்கு அது விஷம்.