அம்மாவின் மருந்து என்வலப்பைத் திருப்பிக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

வெள்ளவத்தை மகள் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 67 வயது. ஹட்டனிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். விரல் மூட்டெல்லாம் வீங்கி, தேங்காய்ப் பாதியைக்கூடப் பிடித்துத் திருவ முடியாமல் போனதால், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூட்டுவாத ஸ்பெஷலிஸ்டைச் சனல் பண்ணிக் காட்டினோம். மெத்தோட்ரெக்சேட் எழுதினார். 2.5 மில்லிகிராம் மாத்திரை நாலு, கிழமைக்கு ஒருநாள். கூடப் போனவன் ஏ.எல். படிக்கும் என் மகன். டொக்டர் சொன்னதில் "இரண்டு கிழமையில் இரத்தம் பார்க்க வேணும், இரண்டு மாதத்தில் திரும்பி வரவேணும்" என்பது மட்டும்தான் அவன் மண்டையில் நின்றது. அவனைத் திட்டிப் பிரயோசனமில்லை.

பாமசியில் கொடுத்தது சின்ன மண்ணிற என்வலப். மேலே சிங்களத்தில் அச்சடித்த மூன்று கட்டம்: உதே, தவல், ரே (காலை, பகல், இரவு). ரே கட்டத்துக்குள் நீலப் பேனையால் 4. அவ்வளவுதான். கிழமை என்ற சொல் எந்த மொழியிலும் இல்லை. அம்மாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். நான்தான் வாசித்து, "இரவுக்கு நாலு அம்மா" என்று ஏழு இரவும் உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.

எட்டாம் நாள் வாயெல்லாம் புண். கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. காய்ச்சல் வேறு. 1990 அம்புலன்சைக் கூப்பிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு இளம் டொக்டர் பிள்ளை மருந்தையெல்லாம் கட்டிலில் கொட்டச் சொன்னார். அந்த என்வலப்பைக் கையில் எடுத்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வெள்ளணு 1,100க்கு இறங்கியிருந்தது. அந்த மருந்தின் நஞ்சை முறிக்கப் போலினிக் அமில ஊசி, 11 நாள் வார்ட். இப்போது வீட்டில் இருக்கிறார், இடியப்பம் சாப்பிடுகிறார்.

தனியார் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். முதலில், "ஒரிஜினல் என்வலப்பைக் கொண்டு வாங்க, உள்ளுக்குள் விசாரிக்கணும்" என்றார்கள். இரண்டு நாள் கழித்து மனேஜர் எடுத்தார். சனல் காசும் மருந்துக் காசும் "நல்லெண்ணத்தின் பேரில்" தருவார்களாம், ஆங்கிலத்தில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

எனக்குக் காசு வேண்டாம். "பிழை எங்களுடையது" என்று அவர்கள் ஒரு கடிதம் தர வேண்டும். யாரிடம் போவது?

---

கொட்டாஞ்சேனை பாமசிஸ்ட் (ஓய்வு):

பிள்ளை, என்வலப்பைக் கொடுக்காதீங்க. இன்றைக்கே இரண்டு பக்கமும் படம் எடுத்து, ஒரிஜினலை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்க. கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தால் மை அழிந்துவிடும். கடிதத்தோடு கொப்பி மட்டும் போகட்டும்.

ஒரு கேள்வி. மொத்தம் எத்தனை மாத்திரை தந்தார்கள்? மிச்சம் எத்தனை?

---

வெள்ளவத்தை மகள்:

பில்லில் 32 என்று இருக்கிறது ஐயா. ஏழு இரவுக்கு 28 போக, 4 மிச்சம்.

---

கொட்டாஞ்சேனை பாமசிஸ்ட் (ஓய்வு):

அப்படியென்றால் கணக்கைப் பாருங்க. 32ஐ நாலால் பிரித்தால் 8. எட்டுக் கிழமை, டொக்டர் சொன்ன இரண்டு மாதம். தினமும் குடிக்கிற மருந்து என்று நினைத்திருந்தால் 200க்கு மேல் எண்ணியிருப்பார்கள். ஆகவே டொக்டர் எழுதிய மருந்துத் துண்டைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள். எண்ணியதும் சரி, எழுதியதுதான் பிழை. துண்டு விளங்கவில்லை, டொக்டரின் கையெழுத்து மோசம் என்று நாளைக்கு அவர்கள் சொல்ல முடியாது. பில்லையும் மிச்ச நாலு மாத்திரையையும் பத்திரமாக வையுங்க.

34 வருடம் கவுண்டரில் நின்றவன் நான். இந்த மருந்தை எடுக்கும்போது எனக்கு எப்போதும் கை கொஞ்சம் நடுங்கும். உடம்பில் போலேற் என்ற விற்றமினின் வேலையைத் தடுப்பதுதான் இதன் வேலை. கிழமைக்கு ஒருநாள் என்றால் மூட்டுக்கு நல்லது. தினமும் என்றால் எலும்பு மச்சையையும் வாய்த் தோலையும் தின்றுவிடும். உலகம் முழுக்க நடக்கிற பிழை இது. 2020இல் பிரித்தானிய மருந்து ஒழுங்கமைப்பு, குடிக்க வேண்டிய நாளின் பெயரையே துண்டில் எழுதச் சொன்னது. இங்கே ஒரு பேனையும் அரை நிமிஷமும் போதும்: "புதன்கிழமை மட்டும்". இதோடு சேர்த்துக் கொடுக்கிற போலிக் அமிலமும் அதே மாதிரிச் சின்ன மஞ்சள் மாத்திரை, அதனால் என் கவுண்டரில் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க விடமாட்டேன். கொடுக்கும்போது, "எப்படிக் குடிக்கப் போறீங்க, சொல்லுங்க பார்ப்பம்" என்று ஆளிடமே கேட்டுவிடுவேன். சனம் எரிச்சல்படும். படட்டும்.

அப்புறம், நீங்க வாசித்தது சரி பிள்ளை. அதில் எழுதியிருந்ததைத்தானே வாசித்தீங்க.

---

தெஹிவளை லோயர்:

அக்கா, அந்த ஆங்கிலத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். "முழுமையான, இறுதியான தீர்வு" என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். அதற்குப் பிறகு வாய் திறக்க முடியாது.

பாமசிஸ்டுகளையும் பதிவு செய்வது நொரிஸ் கனால் ரோட்டில் இருக்கிற இலங்கை மருத்துவச் சபைதான். முறைப்பாட்டோடு சத்தியக்கடதாசி வைத்துக் கொடுங்கள். பாமசியின் லைசன்ஸ் விஷயம், 2015இன் 5ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடம். தனியார் ஆஸ்பத்திரிக்கு, 2006 சட்டத்தின்படி தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபை இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே கடிதம் போகலாம், தமிழிலேயே எழுதலாம், பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரி டிக்கட்டின், அதாவது வார்டில் அம்மாவைப் பற்றி எழுதிய பதிவின், கொப்பி முக்கியம். 2016 தகவல் அறியும் சட்டத்தில் கேளுங்கள். மருத்துவப் பதிவு என்பதால் அம்மாவின் எழுத்துமூலச் சம்மதம் இணைக்க வேண்டும்.

வழக்கு யோசனை இருந்தால் நட்டஈட்டுக்கு இரண்டு வருடம்தான் காலம். ஆனால் இந்த வழக்குகள் லேசில்லை. குழந்தை வைத்தியர் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிரான வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் கவனயீனத்தை ஏற்றும், குழந்தை இறந்தது அதனால்தான் என்று நிரூபிக்கப்படவில்லை என்று நட்டஈட்டை ரத்துச் செய்தது. உங்கள் கேஸில் அந்தச் சங்கிலி அறவில்லை: என்வலப், பில், வார்ட் டிக்கட்.

---

பொரளை ஆள்:

ஒன்றும் நடக்காது. தரமில்லாத இம்யூனோகுளோபியூலின் என்ற ஊசி மருந்து விஷயத்தில் சுகாதார அமைச்சராக இருந்தவரையே 2024 பெப்ரவரியில் கைது செய்தார்கள். அவ்வளவு பெரிய சத்தம் போட்டால்தான் இந்த ஊரில் ஒரு கோப்பு அசையும். உங்கள் என்வலப்புக்கு யார் சத்தம் போடுவார்?

---

வெள்ளவத்தை மகள்:

பொரளை அண்ணன், சத்தம் போடத்தான் இங்கே எழுதினேன்.

நேற்று வார்ட்டுக்குப் போய் டிக்கட் கொப்பிக்கு விண்ணப்பம் கொடுத்தேன். அங்கிருந்த மிஸ்ஸி அம்மாவின் சம்மதக் கடிதத்தை வாங்கி, தேதி போட்ட ரசீது தந்தார். சத்தியக்கடதாசிக்குத் திங்கட்கிழமை சமாதான நீதவானிடம் போகிறேன். மனேஜர் திரும்பவும் எடுத்தார். எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்புங்கள் என்றேன், ஃபோனை வைத்துவிட்டார்.

என்வலப் இப்போது அம்மாவின் தேவாரப் புத்தகத்துக்குள், பிளாஸ்டிக் உறையில். வேறெங்கும் வைக்க அம்மா விடவில்லை.