எத்திலீன் ஆக்சைடு ரியாக்டர்: குளோரைடு அளவை எப்படிப் பிடிக்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. எத்திலீன் ஆக்சைடு பிளான்ட் அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டும்.

எங்களுடையது ஆல்பா அலுமினா மேல் வெள்ளி ஏற்றிய கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் முறை. போட்டு இரண்டு வருடம் ஆகிறது. 86 சதவீதமாக இருந்த செலக்டிவிட்டி (வினைபுரியும் எத்திலீனில் எத்திலீன் ஆக்சைடாக மாறும் பங்கு) 82-க்கு இறங்கிவிட்டது. வெப்பநிலையை 232-லிருந்து 245 டிகிரிக்கு ஏற்றித்தான் உற்பத்தியைத் தக்கவைக்கிறோம். எத்திலீன், ஆக்சைடாக மாறாமல் முழுதாக எரிந்தால், ஆக்சைடாக மாறும்போது வருவதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வெப்பம் வெளியாகிறது. அதுதான் என் கவலை.

போன வாரம் இரவு ஷிப்டில் எத்திலீன் எரிவதைக் கட்டுப்படுத்தச் சேர்க்கும் எத்தில் குளோரைடை இம்மியளவு கூட்டினேன். செலக்டிவிட்டி ஏறியது, ஆனால் விடிவதற்குள் கன்வெர்ஷன் (வினைபுரியும் எத்திலீனின் அளவு) படுத்துவிட்டது. சரி என்று குறைத்தால், ரியாக்டரின் வெப்பத்தை நீராவியாக எடுக்கும் ஸ்டீம் டிரம்மில் நீராவி சட்டென்று கூடுகிறது. எங்கள் ஃபீடில் ஈத்தேன் ஏறி இறங்குகிறது; அது வெள்ளியின் மேலுள்ள குளோரைடை உரித்தெடுத்துவிடும் என்பதால் சந்தேகம் அதன் மேல்தான்.

நீங்கள் குளோரைடை வெறும் பிபிஎம் கணக்கில் வைக்கிறீர்களா, ஈத்தேனோடு சேர்த்து விகிதமாகவா? வெப்பநிலை ஏற்றும்போது எவ்வளவு கூட்டுகிறீர்கள்? அப்புறம், ரீசைக்கிள் வாயுவில் கார்பன் டை ஆக்சைடைக் குறைத்து யாராவது பலன் கண்டிருக்கிறீர்களா? அடுத்த ஷட்டவுனுக்கு முன் முடிவெடுக்க வேண்டும்.