எஃப்டி சிவிக் 1.8: ஐடிலில் டிக் டிக் சத்தம், இடம் பிடிபடவில்லை

செங்காங்_சிவிக்:

சிங்கப்பூரில் 2010இல் பதிவான ஹோண்டா சிவிக் 1.8 (எஃப்டி மாடல்), ஆட்டோ கியர். சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்று) பத்து வருஷத்துக்குப் புதுப்பித்தாகிவிட்டது, 2030 வரை ஓட்டணும். மீட்டரில் 2,14,000 கி.மீ. காலையில் ஸ்டார்ட் பண்ணியதுமே பானட் பக்கம் டிக் டிக் என்று ஒரே சீராகக் கேட்கிறது. சூடானதும் கொஞ்சம் அடங்குகிறது, நிற்பதில்லை. மிதித்தால் வேகமாகிறது. ஏர்கோன் அணைத்தாலும் மாற்றமில்லை. டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை.

மூன்று வொர்க்‌ஷாப், மூன்று பதில். ஒருவர் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கர் ஆர்முக்கும் உள்ள இடைவெளி கூடிவிட்டது என்கிறார். இன்னொருவர் டைமிங் செயின் (இஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் சங்கிலி) செட்டையே மாற்றணும் என்கிறார். மூன்றாமவர் ஆயிலில் ஒரு பாட்டில் மருந்து ஊற்றினால் போதும் என்கிறார். செலவு பண்ணுவதற்கு முன் புளோக் கார்பார்க்கிலேயே நானே பார்த்துக்கொள்ளக்கூடியது ஏதாவது உண்டா? இன்ஸ்பெக்‌ஷன் இரண்டு மாதத்தில் வருகிறது.

ஸ்பேனர்_செட்:

முதல் வேலை, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக். சமதளத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைத்துச் சில நிமிஷம் விட்டுப் பாருங்க. உங்க ஆர்18 இஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து 3.7 லிட்டர்தான் கொள்ளளவு. ஒரு லிட்டர் குறைந்தாலே கால்வாசிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். கீழ்க்கோட்டை ஒட்டி இருந்தால் ஊற்றிவிட்டு மறுபடி கேளுங்க, மற்றதெல்லாம் அப்புறம். சத்தத்தை மறைக்கக் கெட்டி ஆயிலுக்கு மாறுவதும், பாட்டில் மருந்தும் ஒன்றுதான். காது ஏமாறும், கோளாறு அப்படியே இருக்கும்.

அடுத்தது, சத்தம் எதோடு தாளம் போடுகிறது என்று பாருங்க. இடத்தைத் தேடுவதற்கு முன் இதைச் செய்தால் பாதி சந்தேகம் கழிந்துவிடும். போனை ஏர்ஃபில்டர் பெட்டி மேல் வைத்து 10 விநாடி பதிவு செய்து, கால்வாசி வேகத்தில் ஓடவிட்டு எண்ணுங்க. நேரடியாக எண்ண யாராலும் முடியாது.

கணக்கு இதுதான். 700 ஆர்பிஎம் என்றால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) விநாடிக்குக் கிட்டத்தட்ட 11.7 சுற்று. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் அதில் பாதி, 5.8. ஆகவே ஒரே ஒரு வால்வு தட்டினால் 10 விநாடியில் 58 தட்டு வரும். 117 வந்தால் கிராங்க் வேகத்தில் சுற்றும் ஏதோ ஒன்று. 233 வந்தால் பெரும்பாலும் பெட்ரோல் தெளிக்கும் நான்கு இஞ்செக்டரும் சேர்ந்து அடிக்கிற சத்தம். அது கோளாறே இல்லை, பானட் திறந்து காது வைத்தால் எல்லா இஞ்சினிலும் கேட்கும்.

ஆர்பிஎம் ஏறியும் எண்ணிக்கை மாறாமல் இருந்தால் பர்ஜ் வால்வைச் சந்தேகியுங்க. பெட்ரோல் ஆவியை இஞ்சினுக்கு அனுப்பும் சின்ன சோலினாய்டு அது, தன் இஷ்டத்துக்கு டிக் டிக் என்று அடிக்கும். விரலை வைத்தால் துடிப்பு தெரியும். அதுவும் இயல்புதான்.

வண்டி நகரும்போது மட்டும் கேட்டால் கதை வேறு. 205/55 16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் போகும், 20 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு மூன்று தட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். டயர் பள்ளத்தில் கல்லோ ஆணியோ பாருங்க. மல்டி-ஸ்டோரி கார்பார்க்கின் வளைவு ரேம்பில் ஸ்டியரிங் ஒடித்து ஏறும்போது மட்டும் கட் கட் என்றால் டிரைவ் ஷாஃப்டின் வெளிப்பக்க ஜாயின்ட். உங்களுக்கு நின்றிருக்கும்போதே கேட்பதால் இவை இரண்டும் கிடையாது.

ஒரு விஷயம்: வண்டியை நிறுத்தி வைத்து இஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம். என்ன பார்க்கப்போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு அணையுங்க.

கலா_யீஷூன்:

தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துகிற வண்டி என்றால் புளோவரையும் (ஏர்கோன் காற்றை ஊதும் விசிறி) ஒரு தடவை பாருங்க. அந்தச் சின்ன இலை வைப்பருக்குக் கீழே இருக்கும் காற்று வழியில் இறங்கி விசிறியில் சிக்கும். ஃபேனை 1இலிருந்து 4க்கு வைத்தால் டிக் வேகமாகும், முழுக்க அணைத்தால் நின்றுவிடும். கேபின் ஃபில்டர் கிளவ்பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கு, கழற்ற டூல்ஸ் தேவையில்லை. ஏர்கோன் பட்டனை மட்டும் அணைத்தால் புளோவர் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதனால் சொன்னேன்.

செங்காங்_சிவிக்:

நன்றி அண்ணே, நன்றி அக்கா. புளோவரை முழுக்க அணைத்தேன், மாற்றமில்லை. ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கு. பதிவு செய்து எண்ணியதில் 700இல் 58, இன்னொரு தடவை 59. 1500இல் பிடித்துவைத்தபோது 125. அப்போ டேப்பெட் என்று உறுதியா?

நட்டுபோல்ட்:

இல்லை தம்பி, அவசரப்படாதீங்க. 58 என்பது ‘இரண்டு சுற்றுக்கு ஒரு முறை’ என்று மட்டும்தான் சொல்கிறது. ஒரு சிலிண்டர் வெடிப்பதும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். அதனால் ஒரே சிலிண்டரின் புகை எங்காவது கசிந்தாலும் 58, ஸ்பார்க் பிளக் ஒன்று லூசாகி அதன் வழியாக அழுத்தம் வெளியேறினாலும் 58. எக்ஸாஸ்ட் கசிவும் காலைக் குளிரில் சத்தமாக இருந்து, இரும்பு சூடாகி விரிந்ததும் அடங்கும். உங்க வண்டி செய்வதும் அதைத்தானே? இந்த மூன்றையும் பிரிக்காமல் டேப்பெட் கவரைக் கழற்றுவது வீண்.

பிரிக்கும் வழி: இஞ்சினை அணைத்து, ஒரு காயிலின் (பிளக்குக்குப் பொறி தரும் பாகம்) சாக்கெட்டைக் கழற்றி, ஸ்டார்ட் செய்து கேட்டுவிட்டு அணையுங்க. இப்படி நான்கையும் ஒவ்வொன்றாக. அந்த சிலிண்டர் வெடிக்காதபோது டிக் அமுங்கினால் கசிவு, புகைப் பக்கமோ பிளக்கோ. நான்கிலும் டிக் அப்படியே இருந்தால் இரும்போடு இரும்பு தட்டுகிறது, அதாவது டேப்பெட் பக்கம். ஒவ்வொரு தடவையும் 10 விநாடிக்கு மேல் வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அது கெடும், இன்ஸ்பெக்‌ஷனில் புகை டெஸ்ட் இருக்கும்போது அந்த ரிஸ்க் எதற்கு. இஞ்சின் லைட் எரியலாம், அப்புறம் ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம்.

ஆர்18இல் இன்னொரு விசேஷம். புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் தனியாக இல்லை, சிலிண்டர் ஹெட்டோடு ஒரே வார்ப்பு. கன்வெர்ட்டர் நேராக ஹெட்டில் போல்ட் போட்டு நிற்கும். ‘மேனிஃபோல்ட் கேஸ்கெட் போயிருச்சு’ என்று யாராவது சொன்னால் எந்த கேஸ்கெட் என்று கேளுங்க. கசியக்கூடிய இடம் ஹெட்டும் கன்வெர்ட்டரும் சேரும் கேஸ்கெட்தான். அங்கே கரிக்கோடு படிந்திருக்கா பாருங்க. ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை அந்த இணைப்பு நெடுக நகர்த்தினால் கசிவுக்கு நேராக வரும்போது பளிச்சென்று கேட்கும். தட்டும் சத்தத்துக்கு ஹோஸ் உதவாது, அதற்கு நீண்ட ஸ்குரூடிரைவரின் பிடியைக் காதெலும்பில் வைத்து முனையால் டேப்பெட் கவர் போல்ட்டுகளைத் தொட வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்றும். கழுத்தில் தொங்கும் ஆபீஸ் பாஸைக் கழற்றி வைத்துவிட்டுக் குனியுங்க.

பிளக்கையும் பாருங்க: 16 மி.மீ. சாக்கெட், இறுக்கம் 18 நியூட்டன் மீட்டர். காயிலை எடுத்ததும் குழிக்குள் காற்றடித்துவிட்டுத்தான் பிளக்கைக் கழற்றணும், இல்லாவிட்டால் மண் சிலிண்டருக்குள் போகும்.

செயின் மாற்றச் சொன்னவரை இப்போதைக்கு விடுங்க. செயின் தளர்ந்தால் குளிர் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி கரகரவென்று இழுக்கும், இப்படி எண்ணி எண்ணித் தட்டாது. ஹோண்டாவின் 2.4 இஞ்சினில் ஸ்டார்ட் சத்தம் கேம் முனையில் இருக்கும் விடிசி ஆக்சுவேட்டரிலிருந்து (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) வரும். அது ஆர்18இல் கிடையவே கிடையாது.

செங்காங்_சிவிக்:

நான்கு காயிலையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன், இஞ்சின் நடுங்கியதே தவிர டிக் அப்படியே இருந்தது. ஹோஸில் எதுவும் கேட்கவில்லை, கரியும் இல்லை. பிளக் நான்கும் இறுக்கமாக இருந்தன. ஸ்குரூடிரைவரில் மூன்றாவது சிலிண்டர் பக்கம்தான் அதிகம். டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ண வொர்க்‌ஷாப்பில் ‘மத்தியானம் வாங்க, காத்திருந்து எடுத்துட்டுப் போகலாம்’ என்கிறார்கள். சரிதானே?

ஸ்பேனர்_செட்:

சரியே இல்லை! வால்வு இடைவெளியை அளக்க ஹெட் 38 டிகிரிக்குக் கீழே இருக்கணும். நம்ம ஊரில் நிழலிலேயே 31, 32. மத்தியானம் காக்கி புக்கிட் வொர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போன இஞ்சின் அன்று மாலைக்குள் அந்தச் சூட்டுக்கு வராது. முந்தின சாயங்காலம் விட்டுவிட்டு, காலையில் முதல் வேலையாக, ஸ்டார்ட் பண்ணாமல் திறக்கச் சொல்லுங்க. சூட்டோடு அளந்தால் எண் தப்பாகும், தப்பான எண்ணுக்கு லாக்நட்டை இறுக்கிவிடுவார்கள்.

இடைவெளி அளவு: இன்டேக் வால்வு 0.18 முதல் 0.22 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.23 முதல் 0.27. நடுவில் 0.20, 0.25 ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைப்பது வழக்கம். பிளக் நான்கையும் கழற்றிவிட்டால் கிராங்க் கையிலேயே சுற்றும். கேம் ஸ்பிராக்கெட்டின் ‘அப்’ குறி மேலே வரும்போது முதல் சிலிண்டர். பிறகு கிராங்கை 180 டிகிரி வலப்புறமாகச் சுற்றினால் மூன்றாவது, இன்னொரு 180க்கு நான்காவது, கடைசியில் இரண்டாவது. பின்னோக்கிச் சுற்றக்கூடாது, செயின் தளர்ந்து குறி தப்பும். கேஜ் லேசான பிடிப்போடு இழுபடணும். லாக்நட் இறுக்கும்போது ஸ்குரூ ஒரு மயிரிழை கூடவே திரும்பும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி கேஜ் விட்டுப் பார்க்காதவர் வேலையை முடிக்கவில்லை.

நீங்க கேட்டு வாங்க வேண்டியது ஒன்று: அட்ஜஸ்ட் பண்ணுவதற்கு முன் 16 வால்வின் அளவையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்க. மூன்றாவது சிலிண்டரில் ஒன்று 0.30 என்று வந்தால் உங்க டிக் அதுதான். எல்லாமே அளவுக்குள் இருந்தால் ராக்கர் ஆர்மையும் அதைத் தள்ளும் கேம் லோபையும் தேய்மானத்துக்குப் பார்க்கணும், ஸ்குரூவைத் தொட்டுப் பயனில்லை. அந்தத் தாளில் எக்ஸாஸ்ட் எண்களையும் உற்றுப் பாருங்க. தளர்ந்த வால்வு சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். இறுகிய வால்வு வாயே திறக்காது, முழுசாக மூடாமல் சூட்டில் கருகும். அதனால் ‘சத்தமே வராத மாதிரி இறுக்கிக் கொடுங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதீங்க. வேலை முடிந்த பிறகும் தையல் மிஷின் மாதிரி மெல்லிய சத்தம் இருக்கும், இருக்கணும்.

நட்டுபோல்ட்:

விலை பேசும்போது கவர் கேஸ்கெட்டும் நான்கு பிளக் குழாய் சீலும் புதுசா என்று கேட்டுக்கொள்ளுங்க. பழைய ரப்பர் 2 லட்சம் கி.மீ. சூட்டில் பிளாஸ்டிக் மாதிரி ஆகியிருக்கும், மறுபடி போட்டால் பிளக் குழியில் ஆயில் நிற்கும். செயின் கேஸ் ஹெட்டோடு சேரும் மூலைகளில் லிக்விட் கேஸ்கெட் ஒரு பொட்டு வைக்கணும், கவர் போல்ட் படிப்படியாக 10 நியூட்டன் மீட்டர். அந்தப் பசை காய மூன்று மணி நேரமாவது இஞ்சினை ஓட்டக்கூடாது. ஆக, காலை 9 மணிக்குத் திறந்தாலும் வண்டியை எடுக்கப் பிற்பகல் ஆகும், அன்றைக்கு எம்ஆர்டிதான்.