நீதிமன்றத்திலிருந்து வகுப்பறைக்கு: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் 11 ஆண்டுகள் குற்றவியல் வழக்குகளில் தற்காப்பு வழக்கறிஞராக இருந்துவிட்டு, அடுத்த ஜனவரி முதல் குற்றவியல் சட்டம் கற்பிக்கப் போகிறேன். சம்பளம் குறையும், வீட்டில் பேசி முடித்துவிட்டோம். பயமெல்லாம் பாடம் நடத்துவதைப் பற்றித்தான்.

நீதிமன்றத்தில் எனக்கு ஒரு கட்சிக்காரர், ஒரு பக்கம். வகுப்பிலோ இரண்டு பக்கமும் நானே பேச வேண்டும். தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கொல்ல நினைக்கவில்லை. ஆனால் அவர் வேண்டுமென்றே ஏற்படுத்திய காயம் இயல்பாகவே சாவில் முடியக்கூடியது என்றால், அதுவும் கொலைதான். 1958இல் இந்திய உச்ச நீதிமன்றம் விர்சா சிங் வழக்கில், ஒரே ஒரு ஈட்டிக் குத்தை வைத்து இதை விளக்கியது. அந்தத் தீர்ப்பை இன்றும் இங்கே பின்பற்றுகிறோம். 2013க்கு முன் இந்த வகைக் கொலைக்கும் கட்டாய மரண தண்டனை. இப்போது ஆயுள் தண்டனையும் பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு இடமுண்டு. தண்டனைக்காகக் காத்திருக்கும் பிள்ளையின் அம்மாவோடு நீதிமன்ற வாசலில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தக் கனத்தை இருபது வயது மாணவர்களுக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது?

வழக்காடிவிட்டுக் கற்பிக்கப் போன அண்ணன்மார், அக்காமார் யாராவது இருக்கிறீர்களா? முதல் பருவத்தில் எதில் தடுமாறினீர்கள்? நடத்திய வழக்குகளை, கட்சிக்காரரின் ரகசியம் காத்து, பாடமாக்குவது எப்படி? விடைத்தாள் திருத்தும் முறையையும் யாராவது சொல்லிக்கொடுத்தால் பெரிய உதவி. தேக்காவில் ஒரு தேநீர் நேரம் கிடைத்தாலும் போதும், நானே வந்து பார்க்கிறேன்.